நெற்களத்தில் படுத்திருந்த மிருகம்

என் கணவரின் முழங்கால்கள்தான் எங்களைக் குற்றாலத்துக்கு அனுப்பிவைத்தன. யாழ்ப்பாணத்தில் அவர் பார்க்காத நாட்டு வைத்தியப் பரியாரி இல்லை, பூசாத எண்ணெய் இல்லை. கடைசியில் ஒரு நண்பர், ஆடி மாதத்தில் குற்றாலத்து அருவிக்கடியில் பத்து நாள் நின்றுவிட்டு வந்தால் மாடிப்படி ஏறலாம் என்றார். எங்கள் வீட்டில் மாடி கிடையாது. இருந்தாலும் புறப்பட்டோம். அது ஐம்பத்தேழாம் வருடம். நான் அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் முகத்தில் பட்டது சாரல். அதை மழை என்று சொல்ல முடியாது. குடை பிடித்தால் வெட்கமாக இருக்கும், பிடிக்காவிட்டால் சேலை நனையும். மேற்கே முழுக்க மலை. யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. தட்டையான மண்ணும் கிணறுகளும்தான். என் கணவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மேகம் மலையின் தோளில் வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழங்காலைப் பற்றி அன்று காலை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

குற்றாலத்துக்குக் குதிரை வண்டி பிடித்தோம். வண்டிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி, ஒரு கையில் தீக்காயத் தழும்பு. நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, மலையாளமா என்று கேட்டார். தமிழ்தான் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, எந்த ஊர்த் தமிழ் என்று மரியாதையாகக் கேட்டார். அந்தப் பயணம் முழுக்க எல்லோரும் எங்களை இதைத்தான் கேட்டார்கள்.

வயல்களுக்கு நடுவே போகும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சக்கரத்தின் கடையாணி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. பின்னால் வந்த பேருந்தில் ஏற இடமில்லை. அதற்குள் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். வண்டிக்காரர் கடையாணியைத் தேடி நடந்தார். கிடைக்கவில்லை. வழியில் போன ஒருவரிடம் பட்டறைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். தன் பெயர் மீரான் மைதீன் என்றும், முன்பு கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்ததாகவும் சொன்னார். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று என் கணவரைக் கேட்டார். அவர் என்னைக் காட்டி, மிருகங்களைப் பற்றிப் படிப்பிக்கிறவ இவதான் என்றார்.

மீரான் கொஞ்ச நேரம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாமா? சிரிக்கக் கூடாது" என்றார். "லண்டன்ல ஒரு பெரிய மண்டபத்துல ஒரு பல்லியோட எலும்பக் கோத்து நிறுத்தியிருக்கான். மண்டபம் பூரா அது ஒண்ணுதான் நிக்குது. அது நெசமா?"

நிஜந்தான் என்றேன். அந்த மனிதர் வரப்பிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

அதன் பிறகு கதை முழுவதும் வந்தது. கப்பல் லண்டனில் பழுதுபார்க்க நின்றபோது, குளிர் தாங்காமல், காசில்லாமல் உள்ளே விடுகிற இடம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கியிருக்கிறார். உள்ளே போனவர் மாலை வரை வெளியே வரவில்லை. ஊர் திரும்பியதும் டீக்கடையில் அதைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களை நம்பவைக்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். மிருகம் தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்து உயரத்துக்கு வளர்ந்தது. கடப்பாரை போலப் பல் முளைத்தது. ஆளைத் தின்றது. கடைசியில் ஊரில் அவர் பெயரே பல்லி மீரான் ஆயிற்று.

அதோடு நின்றிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். அவருடைய பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து ஓர் அரிசி ஆலையில் காவல்காரன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாலை, ஆலை எந்திரத்தைச் சுற்றவைக்கும் பெரிய தோல் பெல்ட் காணாமல் போனது. பழி சுடலைமுத்துவின் மேல் விழுந்தது. அன்று மாலை சுடலைமுத்து, வேலை நேரத்துக்கு முன் வந்துவிடலாம் என்று, மீரானின் வண்டியில் செங்கோட்டைக்குத் தங்கையைப் பார்க்கப் போயிருந்தான். வீடு பூட்டிக் கிடந்தது. அதே வண்டியில் திரும்பினார்கள். அடைமழை, வழியில் ஒரு குருவிகூட இல்லை. மீரான் ஆலைக்குப் போய் முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டாராம்: சாட்சி யாரு, பல்லி மீரானா? கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்துவிட்டது. திருட்டுப் பட்டம் வந்தவனுக்கு அதன் பிறகு எந்த ஆலையிலும் வேலையில்லை.

"என் வாயால அவன் பொழப்புப் போச்சு டீச்சரம்மா" என்றார் மீரான். அவர் என் முகத்தைப் பார்க்காமல் குதிரையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் சொன்னவற்றில் சிலவற்றை நான் திருத்த வேண்டியிருந்தது. அந்த மிருகத்துக்குப் பல் பென்சில் மாதிரி. அது இலைதழைதான் தின்றது. அது இருந்த காலத்தில் தின்பதற்கு மனிதனே இல்லை. உயரமும் கோபுரத்தளவு இல்லை. அது மட்டுமில்லை, அவர் லண்டனில் பார்த்தது அசல் எலும்பும் அல்ல. அசல் அமெரிக்காவில் இருக்கிறது, அதன் மேல் அச்செடுத்துச் சுண்ணச்சாந்தில் வார்த்ததைத்தான் லண்டனில் நிறுத்தியிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது அவரை அடித்தேவிட்டது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டார்.

மிச்சம் இருப்பதே போதும் என்றேன். அப்போது அதை ஓர் ஆசிரியையின் பழக்கத்தில்தான் சொன்னேன்.

மறுநாள் பேரருவி. தண்ணீர் மேலிருந்து விழும் என்பதே எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு செய்தி. அருவியின் இரைச்சல் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் கேட்டது. பெண்கள் பக்கம் நின்று தலையைக் கொடுத்தேன். யாரோ என் தோளைப் பிடித்துக் குலுக்கிக் கேள்வி கேட்பது போல் இருந்தது. என் கணவர் உடம்பெல்லாம் எண்ணெயோடு ஆண்கள் பக்கம் போனவர், ஒரு மணி நேரம் கழித்துச் சிவந்த கண்ணோடும் பெரிய பசியோடும் வந்தார். வழியில் மங்குஸ்தான் விற்றார்கள். எங்கள் கண்டிப் பக்கத்துப் பழத்தைவிடச் சின்னது, ஆனால் இனிப்பு கூட. ஒரு குரங்கு அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு போனது. பிடுங்கியது என்று சொல்ல மாட்டேன்; அவ்வளவு நிதானமாக வாங்கிக்கொண்டது.

ஈரத்தோடு பாறையில் உட்கார்ந்து மீரானை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த பாறையில் எந்தக் காலத்திலும் அப்படி ஓர் எலும்பு கிடைக்காது. எலும்புள்ள உயிர் எதுவும் பிறப்பதற்கு முன்பே இறுகிவிட்ட பாறை அது. வகுப்பில் பல தடவை சொன்ன வரிதான். கையை வைத்துப் பார்த்தபோது பாறை குளிர்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள் நானும் என் கணவரும் மீரானோடு ஆலைக்குப் போனோம். முதலாளி ஆவுடையப்பன் பருத்த மனிதர். எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். கடல் தாண்டி வந்த டீச்சர் என்றதும் எழுந்து நாற்காலி போட்டார். பின்னால் நின்ற மீரானைப் பார்த்ததும் அவர் மீசைக்கடியில் சிரிப்பு வந்தது. ஆலைக்குப் பின்னால், நெல் அவித்துக் காயப்போடுகிற சிமெண்டுக் களம் இருந்தது. சாரல் காலமானதால் பாதி நாள் சும்மா கிடந்தது. அந்தக் களத்தை ஒரு பகல் தர வேண்டும், உமிக்கரி கொஞ்சம் வேண்டும், மீரான் பார்த்த மிருகத்தை அதன் அளவிலேயே வரைந்து காட்டுகிறேன் என்றேன்.

அண்ணாச்சி யோசித்தார். உமிக்கரிக்கு இங்கே பஞ்சமில்லை என்றார். பிறகு, மதியம் சாப்பாடு நம் வீட்டில்தான் என்றார். அதுதான் சம்மதம்.

அன்று சாப்பிட்ட சொதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சொதி என்றால் இடியப்பத்துக்கு ஊற்றுகிற தண்ணீரான தேங்காய்ப்பால். இங்கே அது ஒரு முழு விருந்து. காய்கறியெல்லாம் பாலில் வெந்து, கெட்டியாகச் சோற்றின் மேல் விழுகிறது, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. ஒரே பெயரை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று என் கணவர் என் காதில் கேட்டார்.

களத்தில் வேலை செய்யும் பெண்கள் சுளகுகளில் உமிக்கரி அள்ளிவந்தார்கள். அவர்களில் ஒருத்தி அதிகம் பேசவில்லை. அவள்தான் சுடலைமுத்துவின் மனைவி இசக்கியம்மாள் என்று மீரான் மெல்லச் சொன்னார். புருஷனை விரட்டிய ஆலையிலேயே அவள் நெல் கிண்டிக்கொண்டிருந்தாள், வேறு வழியில்லை.

அளவுகோலும் கயிறும் கொண்டு கிணற்றடி மூலையிலிருந்து வாலைத் தொடங்கினேன். நான் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டு முன்னால் போக, பெண்கள் பின்னாலேயே கரியைத் தூவிவந்தார்கள். வால் சாட்டைபோல மெலிசாகப் புறப்பட்டது. போய்க்கொண்டே இருந்தது. களத்தின் பாதியைத் தாண்டியும் அது வாலாகவே இருந்தபோது பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். வாலே முடிய மாட்டுக்கே, உடம்ப எங்க கொண்டுபோய் வைப்பீங்க என்று ஒருத்தி கேட்டாள். பிறகு இடுப்பு வந்தது, தூண்போல நான்கு கால்கள், விலா. அதற்கப்பால் கழுத்து நெல் அவிக்கும் கொட்டகை வாசல் வரைக்கும் போனது. அன்றைய பாடப்புத்தகங்களில் அது வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு சதுப்பில் கிடக்கும். இப்போது, வாலை உயர்த்திக் காய்ந்த நிலத்தில் நடந்தது என்கிறார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்தபடி வரைந்தேன்.

தலையைப் போட்டு முடித்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இவ்வளவு உடம்புக்கு இத்தனூண்டு தலையா என்று நம்ப முடியாமல் கேட்டார்கள். மீரான் வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். குதிரையின் தலையும் மிருகத்தின் தலையும் ஏறக்குறைய ஒரே அளவு. குதிரை கரியை முகர்ந்துவிட்டுத் தும்மியது.

இசக்கியம்மாள் வால் நுனியில் போய் உட்கார்ந்திருந்தாள். தலைப்பக்கம் நின்ற பெண் அவளைப் பார்த்து, கேக்குதாட்டி என்று குரல் கொடுத்தாள். எண்பத்தைந்து அடிக்கு அப்பாலிருந்து அவள் கையை மட்டும் தூக்கினாள். யாரும் சொல்லாமலே சிரிப்பு நின்றது.

அண்ணாச்சி ஆலையின் மாடிப்படி ஏறி மேலேயிருந்து பார்த்தார். வெகுநேரம் இறங்கவில்லை. நானும் ஏறினேன். பன்னிரண்டு வருடமாக நான் அந்த மிருகத்தைப் படிப்பித்திருந்தேன். புத்தகத்தில் அது என் விரல் நீளம். இங்கே சாம்பல் நிறக் களத்தில், கறுப்புக் கோட்டுக்குள், அது ஒருக்களித்துக் கிடந்தது. விலாவுக்குள் நின்ற பெண்கள் தானியம் பொறுக்க வந்த குருவிகள் மாதிரி இருந்தார்கள். அதற்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் மேகம் மூடிய மலை. இது ஒரு காலத்தில் எழுந்து நடந்தது, மூச்சு விட்டது, இதன் காலடியில் தரை அதிர்ந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பயமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு காலத்துக்கு முன் என்று அண்ணாச்சி கேட்டார். கோடிக் கணக்கைச் சொன்னால் அது வெறும் சத்தமாகத்தான் போகும். ஒரு வருடத்துக்கு ஒரு நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இந்த ஊர்க் கோயில் கட்டி ஆன காலம் உள்ளங்கையில் அடங்குகிற நெல். இந்த மிருகம் இருந்த காலத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு லாரி நிறைய மூட்டை வேண்டும். ஒவ்வொரு மணியாக எண்ண வேண்டும்.

நெல்லோடு பிறந்து வளர்ந்த மனிதர். தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியைப் பார்த்தார்.

கீழே இறங்கியபோது தெருவில் போனவர்களெல்லாம் களத்துக்கு வந்துவிட்டார்கள். யாரும் கோட்டை மிதிக்கவில்லை, சுற்றித்தான் நடந்தார்கள். இப்படிப்பட்ட எலும்புத் துண்டுகள் உங்கள் அரியலூர்ப் பக்கத்து மண்ணிலேயே கிடைத்திருக்கின்றன என்று சொன்னேன். முந்தின வருடம் அங்கே நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு அந்த ஊரைத் தெரியாதவர் இல்லை. லண்டன் என்றபோது வராத நம்பிக்கை, அரியலூர் என்றதும் சில முகங்களில் வந்தது.

அடுத்து, நான் சொல்லியே ஆகவேண்டியதைச் சொன்னேன். லண்டனில் மீரான் பார்த்தது சுண்ணச்சாந்தில் வார்த்தது என்றேன். அப்போ பொம்மைதானே என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்டார். பழைய சிரிப்பு திரும்பவும் தலைகாட்டியது. அசல் எலும்பின் அச்சு அது, அளவில் துளியும் மாறாது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது, மீரான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"நான் பாத்தது இம்புட்டுதான்" என்று கோட்டைக் காட்டினார். "ஆளத் தின்னும்னு சொன்னது, கோபுரம் உசரம்னு சொன்னது, கடப்பாரப் பல்லு, அதெல்லாம் நானாச் சேத்தது. நீங்க நம்பலியேன்னு சேத்தேன். டீச்சரம்மா சொல்லுததுதான் சரி."

நான் பதறிப்போனேன். தன் கையாலேயே தன் சாட்சியைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன். அண்ணாச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நடந்து, மிருகத்தின் முன்கால் பக்கத்தில் மீரானுக்கு எதிரே வந்து நின்றார்.

"செங்கோட்டைக்குச் சுடலையக் கூட்டிட்டுப் போனேன்னு சொன்னியே மீரான்" என்றார். "அதுல நீ சேத்தது என்ன?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"திரும்பச் சொல்லு."

மீரான் சொன்னார். மழை, பூட்டிய வீடு, திண்டாடிக்கொண்டு திரும்பிய வழி, ஆலை வாசலில் சுடலைமுத்துவை இறக்கிவிட்டது. கையை வீசாமல், குரலை உயர்த்தாமல் சொன்னார். இசக்கியம்மாள் வால் நுனியிலிருந்து எழுந்து, கழுத்துப் பக்கம் வரைக்கும் கோட்டோரமாகவே நடந்துவந்து நின்றாள்.

எது பார்த்தது எது சேர்த்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் இதில் மட்டும் ஏன் பொய் சொல்லப் போகிறான் என்று அண்ணாச்சி பொதுவாகச் சொன்னார். பிறகு இசக்கியம்மாளைப் பார்த்து, "நாளைக்கு அவன வரச் சொல்லு" என்றார். அவள் தலையாட்டினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்த நேரத்தில் சாரல் உண்மையான மழையாக மாறியது. எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினோம். முதலில் வால் நுனி போயிற்று, பிறகு கால்கள். கரி கறுப்புத் தண்ணீராகக் களத்தின் சரிவில் வழிந்து வாய்க்காலில் சேர்ந்தது. கழுத்து மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசிக் கோடு போகும்வரை நின்று பார்த்தார்கள்.

சுடலைமுத்து மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். பெல்ட்டை யார் எடுத்தார்கள் என்பது நாங்கள் புறப்படும்வரை தெரியவில்லை. அண்ணாச்சி அதைப் பற்றிப் பேச்செடுக்கவும் இல்லை. மீரானிடம் மட்டும் ஒரு மாற்றம் இருந்தது. வண்டியில் ஏறுகிறவர்கள் மிருகத்தைப் பற்றிக் கேட்டால், இப்போது அவர் சுருக்கமாகச் சொன்னார்; அவர்கள்தான் மேலே மேலே கேட்டார்கள்.

பத்தாம் நாள் கடைசிக் குளியலுக்கு ஐந்தருவிக்குப் போனேன். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் தலையில் எண்ணெய் சொட்ட நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். புளியங்குடிப் பக்கத்தவர்கள் போலிருந்தது. ஒருத்தி சொன்னாள், தென்காசியில் ஓர் ஆலைக் களத்தில் பெரிய மிருகம் ஒன்று வந்து படுத்திருந்ததாம். களம் பூரா அதுதானாம். ஊரே போய்ப் பார்த்ததாம். யாரையும் ஒன்றும் செய்யவில்லையாம்.

"பெறவு?" என்று கேட்டாள் மற்றவள்.

"மழை வந்துட்டுல்லா. எந்திச்சு மலைக்குப் போயிட்டுது."

நான் விலங்கியல் ஆசிரியை. அவள் தோளைத் தொட்டு நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொல்லிவிட்டு மேலே பார்த்தாள், மற்றவளும் பார்த்தாள். நானும் பார்த்தேன். அருவி புறப்படுகிற இடத்தில் மேகம் இறங்கியிருந்தது. அதற்கு உள்ளே, மரங்களுக்கு மேலே, என்னமோ ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.